நீதியும் நெய்யும்: சங்கீதம் 45:7இன் பொருளும் தமிழ்ச் சொல்வழக்கும் (செட்டிநாட்டுச் சூழலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

எபிரேயத் திருப்பாடல் தொகுப்பின் 45ஆம் பாடல் அரசனின் திருமணத்தைப் பாடுவது. அதன் 7ஆம் வசனம், அரசன் நீதியை விரும்பித் தீமையை வெறுத்ததனால் கடவுள் அவனுக்கு மகிழ்ச்சியின் எண்ணெய் பூசினார் என்று கூறுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்வசனம் 'அபிஷேகம்', 'திருப்பொழிவு' என்னும் இருவேறு சொற்களால் வழங்குகிறது. நீதிக்கும் பூசுதலுக்கும் இடையே மூலம் வைத்துள்ள காரண காரிய முறை, இச்சொற்களின் வழக்குப் பொருளால் தமிழ்ச் செவியில் தலைகீழாகக் கேட்கக்கூடும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அம்முறையை மீட்டுணர்வதற்குத் திருக்குறளின் செங்கோல் கருத்தும், ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் வஞ்சினமும், கம்பனின் முடிசூட்டும், செட்டிநாட்டு உறவுமுறைச் சொல் ஒன்றும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: சங்கீதம் 45, அபிஷேகம், திருப்பொழிவு, செங்கோல், புறநானூறு 71, பங்காளி, விவிலிய மொழிபெயர்ப்பு.

முன்னுரை

காரைக்குடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் 'அபிஷேகம்' என்பது அன்றாடச் சொல். இளையாத்தங்குடி முதலிய நகரத்தார் கோயில்கள் ஒன்பதிலும், குன்றக்குடி மலையிலும், சிற்றூர் அம்மன் கோயில்களிலும் பால், தயிர், இளநீர், சந்தனம் ஆகியவை திருமேனியின்மேல் வழியும் காட்சியையே அச்சொல் முதலில் மனத்தில் எழுப்பும். குடமுழுக்கு நடைபெறும் ஆண்டில் ஊர் முழுவதும் 'கும்பாபிஷேகம்' என்ற சொல் சுவரொட்டிகளில் நிறைந்திருக்கும். இதே ஊர்களில் உள்ள சீர்திருத்தத் திருச்சபை வழிபாடுகளில் 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவரும் வேதாகமம் வாசிக்கப்படுகிறது. அதில் சங்கீதம் 45:7இன் வினை 'அபிஷேகம்பண்ணுதல்' என்பதாகும். கத்தோலிக்க ஆலயங்களில் 1995இன் பொது மொழிபெயர்ப்பு வழங்குகிறது. அங்கே அதே வினை 'திருப்பொழிவு செய்தல்' என்றாகிறது. 1987இல் மதுரை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து சிவகங்கை மறைமாவட்டம் உருவானபின் இப்பகுதிக் கத்தோலிக்கருக்குத் தனி ஆட்சி எல்லையும் அமைந்தது. ஆக, ஒரே நகரில் இருவேறு ஆலயங்களில் ஒரே வசனம் இருவேறு சொல்லால் கேட்கப்படுகிறது. இரண்டுமே மூலச் சொல்லின் முழுப்பொருளையும் ஏந்தவில்லை. எனினும் ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத ஒன்றை ஏந்தி நிற்கிறது.

சொல்லாராய்ச்சி என்ற அளவில் நின்றுவிடக்கூடிய செய்தியன்று இது. பூசுதல் ஒருவனை நீதிமானாக்குகிறதா, நீதிமானாக இருந்தவனுக்கே பூசுதல் வாய்க்கிறதா என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. அதிகாரம் பெற்றவன் நேர்மையைக் குறித்து வினவப்படும்போது, தான் பெற்ற சடங்கைச் சான்றாகக் காட்டலாமா என்பது அவ்வினாவின் மறுபக்கம்.

பாடலின் இயல்பும் 'ஆதலால்' என்னும் இணைப்பும்

பாடலின் தலைப்பே அதனைக் காதற்பாட்டு என்று குறிக்கிறது. கோராகின் மைந்தர்க்கு உரியதெனவும் கூறுகிறது. புலவன் தன் நாவை விரைந்தெழுதும் எழுத்தனின் எழுதுகோலுக்கு ஒப்பிட்டுத் தொடங்கி, அரசனின் அழகு, வீரம், அரியணை, மணக்கோலம் ஆகியவற்றைப் பாடி, மணமகளை நோக்கித் திரும்புகிறான். தந்த மாளிகையும் ஓபீரின் பொன்னும் நறுமணப் பொருள்களும் இடையே வருகின்றன. 7ஆம் வசனத்தை அடுத்துவரும் நறுமணப் பட்டியலில் 'அஹாலோத்' என்றொரு எபிரேயச் சொல் உண்டு. அது தமிழ் 'அகில்' என்பதனோடு தொடர்புடையது என்று இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் கருதினார். அவ்வாறாயின் நீதியையும் எண்ணெயையும் பாடிய அப்புலவனின் அடுத்த மூச்சிலேயே தென்னாட்டு மணப்பொருள் ஒன்றின் பெயர் கமழ்கிறது எனலாம்.

வசனத்தின் கட்டமைப்பு எளிது. முதற்பகுதியில் இரண்டு வினைகள்: விரும்புதல், வெறுத்தல். விரும்பப்படுவது 'செதெக்', அதாவது நீதி அல்லது நேர்மை. வெறுக்கப்படுவது 'ரெஷா', அதாவது தீநெறி. பிற்பகுதி 'அல்-கேன்' என்னும் இணைப்புச் சொல்லால் தொடங்குகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'ஆதலால்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'எனவே' என்றும் தருகின்றன. முழுப் பொருளும் இவ்விணைப்பின்மீது நிற்கிறது. விரும்பியதும் வெறுத்ததும் காரணம், பூசப்பட்டது காரியம். இம்முறையை மாற்றிப் படிக்க மூலத்தில் இடமில்லை.

விவிலியத்தின் பிற பகுதிகளில் எதிர்முறையும் காணப்படுகிறது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. முதலாம் சாமுவேல் 10இல் சவுலின் தலையில் தைலக் குப்பி கவிழ்க்கப்படுகிறது. அப்போது அவன் அரசனாக எதையும் செய்து காட்டியவன் அல்லன். 15ஆம் அதிகாரத்தில் அவன் கீழ்ப்படியாமையால் தள்ளப்படுகிறான். தாவீது 16ஆம் அதிகாரத்தில் சாமுவேலால் பூசப்படுகிறான். பின்னர் எபிரோனில் யூதாவின் மக்களாலும், அதன்பின் இசுரயேலின் மூப்பராலும் மீண்டும் பூசப்படுகிறான். ஒருவனுக்கே மூன்று பூசுதல்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே குகைகளிலும் பாலைவனத்திலும் கழிந்த ஆண்டுகள். முதற் பூசுதல் அழைப்பு. இறுதிப் பூசுதல் ஏற்பு. சங்கீதம் 45 பேசுவது இவ்விரண்டாம் வகையை. அரசன் எத்தகையவன் என்று அறிந்தபின் நிகழ்வது அது.

வினைச்சொல்லின் காலம் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. எபிரேயத்தின் நிறைவுநிலை வினையைப் பழைய மொழிபெயர்ப்பு சங்கீதத்தில் 'வெறுக்கிறீர்' என நிகழ்காலத்தில் தருகிறது. எபிரெயர் நிருபம் 1:9இல் அதே வசனம் மேற்கோளாக வரும்போது அம்மொழிபெயர்ப்பே 'வெறுத்திருக்கிறீர்' என்கிறது. அங்கே மூலமாக உள்ள கிரேக்கத்தின் இறந்தகால வினை, வாழ்ந்து முடிக்கப்பட்ட ஒரு வாழ்வைத் திரும்பிப் பார்க்கிறது. நிருபத்தின் ஆசிரியர் அவ்வாழ்வை இயேசுவினுடையதாகக் கொள்கிறார். 'கிறிஸ்து' என்னும் பெயரே பூசப்பட்டவர் எனப் பொருள்படுவதால், இவ்வசனம் அப்பெயருக்கே விளக்கமாகிவிடுகிறது.

கோலின் நேர்மை

7ஆம் வசனத்தை 6ஆம் வசனத்திலிருந்து பிரித்துப் படித்தல் ஆகாது. 6இல் அரசனின் கோல் 'ஷேபெத் மீஷோர்' எனப்படுகிறது. 'மீஷோர்' என்பது மேடுபள்ளமற்ற சமநிலத்தையும், வளைவற்ற நேர்மையையும் குறிக்கும். நேரான கோல் என்பதே நேர்ப்பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பும் நேர்மையின் கோல் என்றே உரைத்தது. தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. செம்மையான கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். உலக மொழிகள் பலவற்றில் அடிக்குறிப்பாக எழுத வேண்டியது தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொல்லைத் தயங்காமல் எடுத்தாண்டிருப்பது அவர்தம் தேர்வுகளுள் சிறந்ததாகும்.

திருவள்ளுவர் 55ஆம் அதிகாரத்தைச் செங்கோன்மைக்கும் 56ஆம் அதிகாரத்தைக் கொடுங்கோன்மைக்கும் ஒதுக்கினார். ஒன்றை விரும்புதலும் மற்றதை வெறுத்தலும் ஒரே அறத்தின் இரு முகங்கள் என்பது அவ்வைப்பு முறையிலேயே தெளிவாகிறது. சங்கீதப் புலவனும் விரும்பினான் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நீதியை விரும்புவதாகக் கூறாத அரசன் எவனும் இல்லை. தன் அவையிலேயே தீநெறி நிகழும்போது அதனை வெறுக்கிறானா என்பதே உரைகல்.

இதனினும் நெருங்கிய ஒப்புமை இறைமாட்சி அதிகாரத்தின் இறுதிப்பகுதியில் வரும் 388ஆம் குறளில் உள்ளது. முறைவழங்கிக் குடிகளைக் காக்கும் அரசன் அவர்களால் 'இறை' எனக் கொள்ளப்படுவான் என்பது அதன் கருத்து. பிறப்பால் மனிதனேயாயினும் செயலால் கடவுளாகிறான் என்பது பரிமேலழகரின் விளக்கம். சங்கீதம் 45இன் 6ஆம் வசனம் அரசனையே 'கடவுளே' என விளிப்பதுபோல அமைந்திருப்பது விளக்கவுரையாளரை நெடுங்காலமாக இடர்ப்படுத்திய பகுதி. 7ஆம் வசனத்திலும் பழைய மொழிபெயர்ப்பு 'தேவனே' என்று விளியாகக் கொள்ள, பொது மொழிபெயர்ப்பு கடவுளையே எழுவாயாக்கி, அடுத்த சொற்களை அதன் விரிவாகக் கொள்கிறது. 42 முதல் 83 வரையிலான பாடல்களில் இறைவனின் தனிப்பெயர் வரவேண்டிய இடங்களில் 'எலோகிம்' என்னும் பொதுப்பெயர் மிகுதியாக வருவதை நோக்க, 7ஆம் வசனத்தைப் பொறுத்தவரை பொது மொழிபெயர்ப்பின் வழியே ஏற்புடையது. 6ஆம் வசனத்து விளிக்கோ குறள் தக்க ஒளி தருகிறது. செயலால் இறையாகக் கொள்ளப்படும் அரசன் என்னும் கருத்து தமிழ் வாசகனுக்கு அதிர்ச்சி தருவதன்று. வேறுபாடு ஒன்றுண்டு. குறளில் அரசனை இறையென வைப்பவர் மக்கள். சங்கீதத்தில் உயர்த்துபவர் கடவுள், அவரும் 'உன் கடவுள்' என்று சுட்டப்படுவதால் அரசனுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பது உடனே நினைவூட்டப்படுகிறது.

ஒல்லையூரான் வஞ்சினம்

புறநானூற்றின் 71ஆம் பாடலைப் பாடியவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். ஒல்லையூரைச் செட்டிநாட்டை ஒட்டிய இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலமாக அறிஞர் கொள்வர். அவன் பகைவரை எதிர்க்கப் புறப்படும்போது வஞ்சினம் கூறுகிறான். வெல்லாவிடின் இன்னின்ன இழிவுகள் தன்னைச் சாரட்டும் என்கிறான். முதலாவது, தன் மனைவியைப் பிரிதல். இரண்டாவது, அறம் திரியாத அவையில் தகுதியற்ற ஒருவனை அமர்த்தி, முறை தவறி, 'மெலிகோல்' செய்தவன் ஆதல். மூன்றாவது, வையை சூழ்ந்த வளநாட்டு மையல் கோமான் மாவன், எயில் ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் முதலிய தோழரோடு மகிழ்ந்திருக்கும் நாள்களை இழத்தல். தென்புலம் காக்கும் குடியில் பிறவாது வன்புலம் காப்பவனாகப் பிறத்தல் இறுதியானது.

மணவாழ்வு, நீதி, தோழர். சங்கீதம் 45இன் மூன்று நிலைக்களங்களும் இங்கே வேறொரு நோக்கில் ஒருங்கே நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று எவரும் கூறமாட்டார்; கூறவும் ஆகாது. ஆயின் தொன்மையான இரு அரச மரபுகள், ஓர் அரசன் இழக்கக்கூடாதவை எவை என்று கேட்டால் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்திருக்கின்றன என்பது பொருட்படுத்தத்தக்கது. 'மெலிகோல்' என்னும் சொல்லும் கருதற்பாலது. கொடுங்கோல் செய்பவன் தானே தீமை புரிகிறான். மெலிகோல் செய்பவனோ தகாதவனிடம் அவையை ஒப்படைத்துவிட்டுத் தன் கை தூயது என்று நினைத்திருக்கிறான். தீநெறியை வெறுத்தல் என்று சங்கீதம் கூறுவதற்கு இதனினும் கூர்மையான உரை கிடைப்பது அரிது.

தோழரைப் பொறுத்தவரை இருபாடல்களும் எதிரெதிரே செல்கின்றன. பாண்டியன் தன் தோழரைப் பெயர்சொல்லிக் கண்போன்றவராகப் போற்றுகிறான். சங்கீதத்து அரசனோ தோழரினும் மேலாக உயர்த்தப்படுகிறான்; அத்தோழர்க்குப் பெயரில்லை. இவ்வேறுபாட்டிற்குக் கட்டுரையின் இறுதிப்பகுதியில் மீண்டும் வரவேண்டியுள்ளது.

எண்ணெய், நெய், தைலம்

பூசப்பட்ட பொருள் 'ஷெமென் சாசோன்', மகிழ்ச்சியின் எண்ணெய். பாலஸ்தீனத்தில் ஷெமென் ஒலிவ எண்ணெய். பழைய மொழிபெயர்ப்பு இதனை 'ஆனந்த தைலம்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'மகிழ்ச்சியின் நெய்' என்றும் பெயர்த்தன. சொற்பிறப்பு நோக்கில் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'திலம்' என்னும் வடசொல்லிலிருந்து பிறந்த தைலம் எள்ளின் எண்ணெயையே குறித்தது. தமிழ் 'எண்ணெய்' என்பதும் எள்+நெய் தான். ஒலிவத்தைக் குறிக்க வந்த இருவழிகளும் எள் வயலிலேயே முடிகின்றன. இன்றைய வழக்கிலோ தைலம் என்றால் மூட்டுவலிக்குத் தடவும் மருந்தெண்ணெய். நெய் என்றால் பசுநெய். 'ஆனந்த தைலம்' என்று கேட்கும் காரைக்குடி மாணவன் நாட்டு மருந்துக் கடையை நினைத்தால் அவன்மீது குற்றமில்லை. 'மகிழ்ச்சியின் நெய்' என்று கேட்பவன் பொங்கல் பானையை நினைக்கலாம். பழந்தமிழில் நெய் என்பது எல்லா வகைக் கொழுப்பு நீர்மங்களுக்கும் பொதுச்சொல். பொது மொழிபெயர்ப்பாளர் அப்பழம்பொருளை மீட்க முயன்றனர். வழக்கு அவர்களுக்கு முழுதும் ஒத்துழைக்கவில்லை.

இவ்வெண்ணெய் முடிசூட்டு எண்ணெயா, மணவிழா எண்ணெயா என்பதில் விளக்கவுரையாளர் இருவகைப்படுவர். 'ஷெமென் சாசோன்' என்னும் இதே தொடர் ஏசாயா 61:3இலும் வருகிறது. அங்கே அது துக்கத்துக்கு மாற்றாகத் தரப்படுகிறது. தெக்கோவா ஊர்ப் பெண்ணிடம் துக்கம் காப்பவள்போல் நடிக்கச் சொல்லும் யோவாபு, எண்ணெய் பூசிக்கொள்ளாதே என்கிறான் (இரண்டாம் சாமுவேல் 14:2). குழந்தை இறந்தபின் தாவீது எழுந்து குளித்து எண்ணெய் பூசிக்கொள்வது துக்கம் முடிந்ததற்கு அடையாளம். ஆகவே மகிழ்ச்சியின் எண்ணெய் என்பது துக்கம் நீங்கிய உடலின் அணி. முடிசூட்டின் சாயல் வினைச்சொல்லில் இருப்பினும், பெயர்ச்சொல் விழாவைச் சேர்ந்தது.

தமிழ் மரபு இதனை எளிதில் உணரும். தொல்காப்பியக் கற்பியல் மகப்பேற்றுக்குப் பிந்தைய நிலையை 'நெய்யணி' என்னும் சொல்லால் சுட்டுகிறது. துக்க வீட்டில் எண்ணெய்க் குளியல் தவிர்க்கப்படுவதும், மணவீட்டில் நலுங்கு வைக்கப்படுவதும் இன்றும் காணக்கூடியவை. பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்று 246ஆம் பாடலில், கைம்பெண்ணின் உணவு நறுநெய் படாதது. வஞ்சினத்தில் மனைவியைப் பிரிதலை அஞ்சியவனின் மனைவி, நெய்யற்ற வாழ்வை ஏற்க மறுத்துத் தீயை நாடினாள். நெய் இல்லாமை எத்துணைப் பெரிய வெறுமை என்பதற்கு அப்பாடலே சான்று. அவ்வெறுமையின் எதிர்முனையில் இருப்பதே சங்கீதத்தின் மகிழ்ச்சி எண்ணெய்.

பூசுதலும் பொழிதலும்

எபிரேய வினை 'மாஷாக்' என்பது தடவுதல், பூசுதல் எனப் பொருள்படும். கேடயத்துக்கு எண்ணெய் பூசுவதற்கும் பலியப்பங்களில் எண்ணெய் தடவுவதற்கும் அதே சொல் பயின்றுவருகிறது. 'அபிஷேகம்' என்பதன் வேர் நீர் தெளித்தல், ஊற்றுதல் என்னும் பொருளுடையது. வைதிக மரபின் அரசச் சடங்கில் தீர்த்த நீரே முதன்மை பெற்றது. ஆகவே பூசும் சொல்லுக்கு ஊற்றும் சொல் ஈடாக வந்துள்ளது. 'திருப்பொழிவு' என்பதும் ஊற்றும் சொல்லே. கத்தோலிக்க வழக்கு 'பூசுதல்' என்பதை முற்றும் கைவிடவில்லை: உறுதிபூசுதல், நோயில் பூசுதல் என்னும் அருளடையாளப் பெயர்களில் அச்சொல் வாழ்கிறது. முன்னாளில் அது 'அவஸ்தைப் பூசுதல்' என்றும் வழங்கியது. நோயாளிக்கும் இளையோர்க்கும் பூசுதல். அரசனுக்கும் மெசியாவுக்கும் பொழிவு. மூலத்தில் ஒன்றாயிருந்த செயல் தமிழில் தகுதி நோக்கி இரண்டாகப் பிரிந்தது. இது மொழிபெயர்ப்பாளரின் பிழை என்பதினும், உயர்வுக்கு உயரத்திலிருந்து விழும் நீரைத் தேடும் தமிழ் மனத்தின் இயல்பு எனலே பொருந்தும். 'முழுக்கு' என்னும் சொல் கோயிலில் குடமுழுக்காகவும் கத்தோலிக்க ஆலயத்தில் திருமுழுக்காகவும் நிற்பது இதனோடு எண்ணத்தக்கது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கி பப்ரிசியுஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைபெற்ற பெர்சிவல், 1871ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குத் தலைமையேற்ற பவர் எனப் பலர் கைபட்ட மரபு பழைய மொழிபெயர்ப்பு. அபிஷேகம் என்னும் சொல்லைத் தழுவியதால் அம்மரபுக்கு நன்மையும் உண்டு. தெய்வத்திருமேனிக்கும் அரசனுக்கும் உரிய மதிப்பு அச்சொல்லோடு வந்து சேர்ந்தது. இடர், அச்சொல்லின் இலக்கணத்தில் உள்ளது. கும்பாபிஷேகத்தில் சடங்கே ஆற்றலைத் தருகிறது. சடங்குக்கு முன் கல், சடங்குக்குப் பின் தெய்வம் என்பது மக்கள் வழக்கு. அந்த இலக்கணத்தோடு சங்கீதம் 45:7ஐக் கேட்பவர்க்கு, அரசன் பூசப்பட்டதால் நீதியுடையவன் ஆனான் என்று தோன்றுவது இயல்பு. இன்றைய கிறித்தவ மேடைகள் சிலவற்றில் அபிஷேகம் என்பது ஒருவர் பெற்றுக்கொள்ளும் ஆற்றலாகவே பேசப்படுகிறது. அவ்வாற்றலை உடையவர் வினாவுக்கு அப்பாற்பட்டவர் என்ற எண்ணமும் உடன்வருகிறது. வசனமோ 'ஆதலால்' என்கிறது.

நின்றுபோன முடிசூட்டு

செட்டிநாட்டில் இவ்வசனத்தின் முறையை விளக்க வேண்டுவோர்க்குக் கையருகிலேயே ஒரு காவியம் உள்ளது. காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களும், கம்பனின் சமாதி எனப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையும் இராமகாதையை இப்பகுதியின் பொதுச் சொத்தாக்கியுள்ளன. அக்காதையில் முடிசூட்டு இருமுறை வருகிறது. அயோத்தியா காண்டத்தில் தயரதன் விரும்ப, அவை இசைய, நாள் குறிக்கப்பட்டு, எல்லாம் ஆயத்தமான நிலையில் கைகேயியின் சூழ்வினையால் அது நின்றுவிடுகிறது. யுத்த காண்டத்தின் முடிவிலேயே அது நிறைவேறுகிறது. இடையே பதினான்கு ஆண்டுகள்.

முதல் நாளில் இராமன் முடி பெற்றிருந்தால் அது மூத்த மகனுக்குத் தந்தை தந்த உரிமை. அதற்கு எவரும் மறுப்புச் சொல்லியிருக்கமாட்டார். ஆயினும் தந்தையின் சொல்லுக்காக அரசைத் துறந்ததும், பரதன் மீளத் தந்தபோதும் ஏற்காததும் அப்போது நிகழ்ந்திரா. இரண்டாம் முறை முடி வரும்போது அது அறத்தின் பின்னே வருகிறது. கம்பன் அக்காட்சியில் அரியணையை அனுமன் தாங்குவதாகவும், உடைவாளை அங்கதன் ஏந்துவதாகவும், குடையைப் பரதன் பிடிப்பதாகவும் பாடுகிறான். முடியைப் புனைபவன் வசிட்டன்; அதனை எடுத்துக் கொடுப்பவர் வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் மரபோர். அரசன் தனியாக இல்லை. கைகள் பல சேர்ந்தே அவனுக்கு முடி சூட்டுகின்றன.

ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. இராமன் முன்னமே திருமாலின் தோற்றரவு. அவன் அறம் முடிக்குத் தகுதி தேடியதன்று. சங்கீதத்து அரசன் மனிதன். அவன் விருப்பும் வெறுப்பும் எடைபோடப்பட்டபின்பே எண்ணெய் வருகிறது.

தோழரும் பங்காளியும்

வசனத்தின் இறுதிச் சொல் 'தோழர்'. எபிரேய 'ஹாவேர்' என்பதற்குக் கூட்டாளி, இணைந்தவன் என்று பொருள். பொது மொழிபெயர்ப்பு இதனை 'அரசத் தோழர்' என விளக்கி, ஒத்த அரசர்களாகக் கொண்டது. மணவிழாச் சூழலில் மாப்பிள்ளைத் தோழரெனவும் கொள்ளலாம். கிரேக்க மொழிபெயர்ப்போ 'மெத்தொக்கோஸ்' என்னும் சொல்லை இட்டது. ஒன்றில் உடன்பங்குடையவன் என்பது அதன் பொருள்.

இதற்குச் செட்டிநாட்டில் நேர்ச்சொல் ஒன்று பேச்சில் உலவுகிறது: பங்காளி. ஒரே கோயிலுக்கு உரிய, ஒரே முன்னோரின் வழிவந்த, வளவு வீட்டில் உரிமையுடைய ஆண்வழி உறவினர் பங்காளிகள். நகரத்தார் வழக்கில் திருமணம் செய்துகொண்ட ஆணும் அவன் மனைவியும் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி'. கழுத்திரு பூட்டும் சடங்கைத் 'திருப்பூட்டுதல்' என்பர். திருமணமே ஒருவனைப் பங்குடையவனாகப் பதிவு செய்கிறது என்னும் இவ்வழக்கு, மணப்பாட்டு ஒன்றில் வரும் பங்காளியை உணர்வதற்கு நல்ல பின்னணி. பங்காளி என்னும் சொல்லுக்குள் நெருக்கமும் உண்டு, பிணக்கும் உண்டு. பாகம் பிரிக்கும் நாளில் ஒருவன் மற்றவரினும் உயர்த்தப்பட்டால் என்ன நேரும் என்பதை இப்பகுதியினர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீதியை விரும்பியவன் என்பது காரணமாகக் கூறப்படாவிடின் அவ்வுயர்வைப் பங்காளிகள் பொறுத்துக்கொள்வது அரிது.

எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் இச்சிக்கலை அறிந்தவர் போலவே எழுதிச் செல்கிறார். 1:9இல் மெத்தொக்கோய்க்கு மேலாக உயர்த்தப்பட்டவர், 2:11இல் அவர்களைச் சகோதரர் என்றழைக்க வெட்கப்படாதவராகிறார். 3:14இல் அதே மெத்தொக்கோய் என்னும் சொல் மீண்டும் வருகிறது. இம்முறை கிறிஸ்துவில் பங்கு பெற்றவர்களைக் குறிக்கிறது. உயர்த்தப்பட்டவன் தோழரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இப்போக்கைக் குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் உடன்பிறந்தாராக எண்ணிக் கணக்கிட்ட கம்பனின் இராமனிடமும் காணலாம். பூதப்பாண்டியன் பெயர்சொல்லிப் போற்றிய ஐவரும் அவ்வரிசையில் வந்து நிற்கத் தகுந்தவர்களே.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1:9இல் 'தோழர்' என்றும் 3:14இல் 'பங்குள்ளவர்கள்' என்றும் இருப்பதால், கிரேக்கம் ஒரே சொல்லால் கட்டிய இணைப்பு தமிழில் அறுந்துவிடுகிறது. இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துக் கேட்கும் சபையில் எவருக்கும் அது ஒரே சொல் என்று தோன்றாது. இனிவரும் திருத்தப் பதிப்புகள் 1:9இன் அடிக்குறிப்பிலேனும் 'பங்காளிகள்' என்று சுட்டினால், அவ்விணைப்பைக் காரைக்குடி வாசகன் உரையின்றியே கண்டுகொள்வான்.